ஆறாவது கட்டம்

சுற்றறிக்கை வந்த அன்று
ஊத்துக்குளி ஸ்டேஷனில் கரண்ட் இல்லை.
ஜன்னலோரம் நகர்ந்து இரண்டு தடவை படித்தேன்.

பரோலில் வந்தவர் கையெழுத்துக்குப் பிந்தினால்
அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.
காரணம் கேட்கவும்.
முதல் தடவையானால் எச்சரிக்கவும்.
ஓடிப்போனவனையும் பிந்தி வந்தவனையும்
ஒரே சிவப்பு மையில் எழுத வேண்டாம்.
கடைசி வரி அதில் இல்லை,
நானாகப் படித்துக்கொண்டது.

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள்தான்:
தேதி, பெயர், கைதி எண், நேரம், ஒப்பம்.
ஸ்கேல் வைத்து ஆறாவதாக ஒன்று இழுத்தேன்.
ஓர் அங்குலம்தான் மிச்சமிருந்தது தாளில்.

ராக்கியண்ணன் நாலே முக்காலுக்கே வந்துவிட்டார்.
பேத்திக்குக் காதுகுத்து, ஆறு நாள் விடுப்பு.
செருப்பை வெளியே விட்டுவிட்டு
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்.
ஏழு நிமிடம் முந்தி ஓடும் அது.
எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"புதுசா இதென்னுங்கம்மா கோடு?"
சொன்னேன்.

நாலு ஐப்பசிக்கு முன்னால்
ஐந்து மணிக்கு வர வேண்டியவர்
எட்டு இருபதுக்கு வந்தார்,
தொடைவரை வேட்டியில் நொய்யலின் சாயத்தோடு.
மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது.
காங்கயம் பக்கம் மச்சினனை அழைக்கப் போயிருக்கிறார்.
கொலைக்காரன் கொடுக்கும் பத்திரிகையை
எப்படி வாங்குவதென்று
மச்சினன் பட்டிக்குள்ளேயே நின்றுகொண்டாராம்.
தாய்மாமன் இல்லாமல் சீர் எப்படி என்று
இவர் வாசலிலேயே நின்றாராம்.
பொழுது இறங்கித் திரும்பினால்
தரைப்பாலத்தின் மேல் தண்ணீர்.

அன்று எனக்கு வேண்டியிருந்தது நேரம் மட்டும்.
சிவப்பு மை என் கைதான்.
விடிவதற்குள் கோவைக்கு ஏற்றிவிட்டார்கள்.
மூன்று வருடம் விடுப்புக்குத் தடை.
தாலி கட்டும்போது மணவறைப் பக்கம்
இரண்டு ஆண்கள் குறைந்தார்கள்.

"அப்ப அன்னிக்கு எழுதுனதுக்கும்
இந்தக் கோடு வருமுங்களா?"

இன்று முதல், என்று போட்டிருக்கிறது.
விரல் வைத்துக் காட்டினேன்.
"செரிங்க" என்றார்,
விலை கட்டாத மாட்டைத் திருப்பி ஓட்டிப்போகிறவர் மாதிரி.

பேனாவை வாங்கினார்.
ஐந்தாம் கட்டத்தில் பெயர்.
கை அதோடு நிற்கவில்லை.
பதினைந்து நிமிடம் முன்னதாகவே வந்த மனிதர்
ஆறாவதில், எறும்பெழுத்தில்,
அங்குலத்துக்குள் மடித்து மடித்து எழுதினார்:
மச்சினன் வீட்டு வாசல். அப்புறம் தண்ணி.

அடித்தால் அடித்ததற்கு நான் சுருக்கொப்பம் இட வேண்டும்.
அடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை பதிவேடு பார்ப்பார்.
என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.