அதே தண்ணீர்

திலக் நகரில் எங்கள் கட்டடத்துக்குப் பதினேழு மாடி,
மாடிக்கு இருபத்திரண்டு படி.
போன மழைக்காலம் முழுக்க
இரண்டு லிட்டர் பாட்டில்கள் ஏழை முதுகில் கட்டிக்கொண்டு
தினமும் ஐந்து முறை ஏறினேன்.

முதல் வாரம் வாட்ச்மேன் ஷெல்கே ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டாம் வாரம்:
மேலே யாருக்கு மேடம் தண்ணீர்?
யாருக்கும் இல்லை.
பிறகு?
திரும்பக் கீழே கொண்டுவந்துவிடுவேன்.
அதே தண்ணீரையா?
அதே தண்ணீரைத்தான்.
பதிவேட்டைப் பிரித்து எதையோ எழுதிக்கொண்டார்.

அந்த மலையின் பெயரில்
இரட்டை லகரம் எழுதி யகரம் சொல்ல வேண்டும்.
யுயையாக்கோ.
ழகரத்துக்காகக் குட்டு வாங்கி வளர்ந்தவளுக்கு
அது பெரிய பாடில்லை.
ஆறாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் மீட்டர்.
தூங்கும் எரிமலை.
மாஹுல் ஆலைக்கோ தூக்கமே கிடையாது,
எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அதன் தீ தெரியும்.

பொய்த் தண்ணீர் என்று அர்த்தம், என்றான்
வழிகாட்டி சிப்ரியானோ.
உருகும் பனி அடிவாரம் வந்து சேராது,
வழியிலேயே கல் குடித்துவிடும்.
வேறு அர்த்தம் சொல்பவர்களும் உண்டு,
எனக்கு இதுதான் பிடிக்கும்.
எங்கள் ஊரிலும் வராத மழையை
வரவில்லை என்று விடமாட்டோம்,
பொய்த்துவிட்டது என்போம், என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அங்கே சிரிப்புக்கும் மூச்சை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

ஐந்நூறு வருஷத்துக்கு முன் இன்காக்கள்
அந்த உச்சியில் மூன்று பிள்ளைகளை
உட்காரவைத்துவிட்டு இறங்கினார்கள்.
மூத்தவளுக்குப் பதின்மூன்று இருக்கலாம்.
தலை நிறைய நூல்நூலாகப் பின்னல்.
வாயில் கொக்கா இலை.
இப்போது மூவரும் சால்ட்டா நகரத்துக் குளிர்ப்பெட்டிகளில்.
டிக்கெட் வாங்கினேன், கதவுவரை போனேன்,
உள்ளே போகவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில்
இறப்புக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் பிழைப்பு.
காரணம், நேரம், சாட்சி, வாரிசு.
கூடாரத்தில் தூக்கம் வராமல்
அவளுக்கொரு படிவம் நிரப்பிப் பார்த்தேன்.
ஒரு கேள்விக்கும் கட்டம் இல்லை:
இவ்வளவு தூரம் அவள் குடித்த தண்ணீரை
யார் சுமந்தது?

ஆறாயிரத்து ஐந்நூறில் கூரையில்லாத கல் அறைகள்.
சேர்த்து எழுதிவிடாதீர்கள்,
கல்லறை ஆகிவிடும்.
அங்கே என் இடதுகை விரல்கள்
என்னுடையவையாக இல்லாமல் போயின.
இன்னும் இருநூறு சொச்சம் மீட்டர்.
எங்கள் கட்டடம் நாலரை முறை.
சிப்ரியானோ கையுறையைக் கழற்றிப் பார்த்தான்,
மேலே பார்க்கவே இல்லை,
கீழே கைகாட்டினான்.

ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.
உச்சிப் படம் எங்கே என்றார்கள்.

ஏப்ரலில் பம்ப் எரிந்தது.
லிஃப்ட் அதற்கு முன்பே படுத்துவிட்டது.
டேங்கர்காரர்கள் வேலைநிறுத்தம்.
வாசல் குழாயில் மட்டும்
பென்சில் கனத்தில் ஒரு ஒழுகல்.
விடியற்காலை ஐந்தரைக்கு ஷெல்கே கதவைத் தட்டினார்.
தயங்கினார்.
மேடம், இன்றைக்கு மேலே ஆள் இருக்கிறது.

பதினொன்றில் கைதோண்டே,
புது முழங்காலோடு ஒன்பது நாளாக உள்ளேயே.
பதினாலில் நூர்ஜஹானின் இரட்டைக் குழந்தைகள்,
துவைக்காத துணி வராந்தாவரை.
பதினேழில் நான்கு கல்லூரிப் பையன்கள்.
அவர்களே இறங்கிவரலாம்,
இருந்தாலும் ஒரு பாட்டில் வைத்தேன்.
ஒருவன் கதவைத் திறந்து,
பல்தேய்த்த நுரையோடு, எதுவும் பேச முடியாமல்
கும்பிட்டான்.

இறங்கும்போதுதான் தடுமாறினேன்.
பாரத்தோடு இறங்கியே பழகிய கால்கள்,
ஒவ்வொரு படியிலும்
இல்லாத பதினாலு கிலோவுக்காகக் கொஞ்சம் மடங்கின.
முதுகில் காலிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதி
மாட்டுமணி மாதிரி சத்தம்.

கீழே ஷெல்கே பதிவேட்டோடு நின்றார்.
காலியா?
காலி.
எழுதிவிட்டு,
குழாயடியில் அடுத்த பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தார்.