ஏறி இறங்கிய கணக்கு

லிஃப்டுக்குள் ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும்,
வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது.
கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தால்
பச்சை எழுத்தில் நிற்கும், இதுவரை எத்தனை பயணம் என்று.
வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்ததும்,
அதைக் குறித்துக்கொண்டு
கிரீஸ் தடவிவிட்டுப் போவது என் வேலை.

சுஃப்ரேன் வீதியில் அந்த வீடு.
தெருப்பக்கம் மட்டும்தான் பழசு,
சட்டத்துக்காக விட்டுவைத்த மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு.
சனிக்கிழமைகளில் பெங்களூர்ப் பெண்கள்
அதில் சாய்ந்து படமெடுத்துக்கொள்வார்கள்.
கதவுக்கு அந்தப் பக்கம்
இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த கல்,
ஒயின் பாட்டில்களுக்கென்று குளிரூட்டிய ஓர் அறை,
ஆள் நெருங்கினால் தானே மூடி திறக்கும் கக்கூஸ்.
முதல் தடவை பயந்து பின்வாங்கிவிட்டேன்.

லிஃப்ட், முசியே திவ்யநாதன் அம்மாவுக்காக வாங்கியது.
இருபத்தெட்டு லட்சம்.
மூன்று பக்கமும் கண்ணாடி,
மடக்கு இருக்கையில் கருநீல வெல்வெட்.
சென்னைத் துறைமுகத்தில் பெட்டி இறங்கிய வாரம்
கீழறைக் கட்டிலிலேயே அம்மா முடிந்துபோனார்.
முன்பணம் திரும்பாது.
மாட்டினோம்.

முதல் வருடம் நாற்பத்தொன்று.
அதில் பன்னிரண்டு நான் சோதனைக்கு ஓட்டியது.
மீதி, விருந்தாளிகளுக்குக் காட்டியதாக இருக்கும்.
அடுத்த வருடம் முப்பத்தாறு.
இருப்பது இரண்டே பேர், முட்டி நன்றாக இருக்கிறது,
படியில் போகிறார்கள்.
துணி காயப்போட மூன்று மாடி ஏறும் அஞ்சலாட்சிக்குப்
பின்பக்கம் இரும்புச் சுழல்படி.
அது எந்த எண்ணிலும் ஏறாது.

இந்த மார்கழியில் பெட்டியைத் திறந்தால்
இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
போர்டு பழுது என்றே நினைத்து
மீட்டரை எடுத்தேன்.
ஈரத்துணி வாளியோடு அஞ்சலாட்சி சிரித்தாள்:
"பழுதெல்லாம் இல்லண்ணே.
பரோனுக்கு இடுப்பு போயிடுச்சி."

பரோன் வந்தது.
நடந்து, நின்று, மூச்சு வாங்கி,
என்னை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போய்
வெல்வெட்டில் தாடையைச் சாய்த்துக்கொண்டது.
சோறு கீழே, தூக்கம் மேலே.
மேலே ஏசி, கடல் தெரியும் ஜன்னல்.
மூத்திரத்துக்கு இறங்கி ஏறி,
காக்காய் கத்தினால் அதற்கும் ஒரு தடவை.

மதாம் கேட்டார்:
"ராத்திரியெல்லாம் யாராவது எழுந்து பட்டன் அமுக்க வேண்டியிருக்கு.
அதுவே அமுக்குற மாதிரி
தாழ்வா ஒண்ணு வைக்க முடியுமா?"
முடியும்.
ஸ்பெயினிலிருந்து வரவேண்டும்.
அகலமானது, மெத்தென்றிருக்கும், பாதம் வழுக்காது.
ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம், வரி தனி.
அவர் பேரம் பேசவில்லை.
நாயின் காதை நீவிக்கொண்டே தலையாட்டினார்.
அது அன்புதான். எனக்குச் சந்தேகமில்லை.

நெல்லித்தோப்பில் எங்கள் வீடு நாலாவது மாடி.
அறுபத்தெட்டுப் படி.
சிலிண்டரை நான் தூக்குவேன், தண்ணீர் கேனை மகன்.
தையல்நாயகி தன் முட்டியைத் தானே தூக்கிக்கொள்வாள்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
யாரோ கூப்பிட்டதுபோல் நின்று
அடிக்காத போனை எடுத்துப் பார்ப்பாள்.

மாசியில் பட்டன் வந்தது.
தரையிலிருந்து பதினாறு அங்குலம்.
விரலால் அழுத்திப் பார்த்தால் போதாது,
பாதம் எப்படி விழும் என்று பார்க்கவேண்டும்.
முட்டிபோட்டேன்.
மணிக்கட்டை மடக்கி
கொஞ்சம் சரிவாக, உடம்பின் பாரத்தோடு
ஒரு தட்டு.

உடனே திறந்தது.
மூன்று கண்ணாடியிலும் நான்.

பின்னால் பரோன் காத்திருந்தது,
ரேஷன் வரிசையில் நிற்பதுபோல, பொறுமையாக.
ஒதுங்கி வழிவிட்டேன்.

சர்வீஸ் தாளில் எழுதினேன்:
பட்டன் சரி.
பயணம் 3,188.
அதில் ஒன்றும் என்னுடையதில்லை.