மூன்று குண்டுமணி

தெற்காவணி மூல வீதியில், மாடியில்,
நான் திராவகக்காரன்.
பழைய வளையலை ராஜதிராவகத்தில் இறக்கிப்
பழுப்புப் புகை அடங்குமட்டும்
மூச்சைப் பிடித்து நிற்பது என் வேலை.
தங்கமே கரையும்போது
குடல் எம்மாத்திரம் என்று
ஆறு வருஷம் நானே நினைத்துக்கொண்டேன்.

மற்றவர்களுக்கு வேறு கணக்கு.
முதலாளி: ராத்திரி சால்னாவை விடுறா.
மருந்துக்கடைப் பையன்: டென்ஷன்ண்ணே.
சண்முகவடிவு மிளகாய் டப்பாவைப்
பரணில் ஏற்றிவிட்டுச் சொன்னாள்:
"உங்க கோவம்தான் உள்ள போய்ப் பொத்துக்கிட்டு வருது."
நான் கோபக்காரன் ஆனது
அதற்குப் பிறகு.

திருமங்கலத்தில் மச்சான் மகள் சடங்கு.
இலையில் கை வைத்தேன், எழுந்தேன்.
மண்டபத்துக்குப் பின்னால், ஜெனரேட்டர் ஓரம்,
காப்பித்தூள் கரைத்த மாதிரி
கறுப்பாய் வாந்தி.
டீசல் ஊற்ற வந்தவன் பார்த்தான்.
நாகலிங்கம் பார்க்கவில்லை.
வைத்த இலையை அவமதித்தேன் என்று
மூன்று தீபாவளி பேச்சில்லை.

புண் ஆறும். மாத்திரை தீரும். புண் வரும்.
குழாய் விட்டுப் பார்த்தவர்கள்
ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் கண்டார்கள்,
வாடகை பாக்கி வைத்து
வீடு மாறுகிறவனைப் போல.

பெரியாஸ்பத்திரியில் ஃபௌசியா டாக்டர்தான்
என் கோப்பைக் கடைசித் தாளிலிருந்து புரட்டினார்.
"பேதியும் உண்டா?"
யாரும் கேட்காததால் நான் சொல்லாதது.
ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி
வார்டில் படுக்கவைத்தார்.
அந்த வாரத்தை எழுத மாட்டேன்.
பக்கத்துக் கட்டில் மேலூர்க்காரர் மட்டும்
விடியக்காலம் எட்டிப் பார்த்துக் கேட்பார்:
"இருக்கியாப்பா?"
ஏழாம் நாள் எடுத்த ரத்தம்
ஐஸ் பெட்டியில் சென்னைக்குப் போனது.

கட்டி. சிறுகுடல் தொடங்கும் வளைவில் ஒன்று.
ஹார்மோனை அளவில்லாமல் சுரந்து
வயிற்றுக்கு ஒரே உத்தரவைத்
திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது:
ஊற்று. இன்னும் ஊற்று.
வயிறு என்ன செய்யும், கூலியாள்.
அதற்கும் எனக்கும் ஒரே உத்தியோகம்.

அறுத்து எடுத்தபின் கேட்டேன்,
"எடை என்ன டாக்டர்?"
சிரித்துவிட்டார்.
"எடை போடறதில்லை. அளவுதான். ஒன்பது மில்லிமீட்டர்."
படுத்தபடியே உள்ளங்கையைக் குவித்து
இல்லாததை நிறுத்துப் பார்த்தேன்.
மூன்று குண்டுமணி. கூடிப்போனால் மூன்றரை.
சேதாரத்தில்கூட எழுத மாட்டோம்.
இதற்கா என் குணத்தைக் குறை சொன்னீர்கள்?

ஈரலில் ஒரு புள்ளி தெரிகிறதாம்.
ஆறு மாதம் பொறுத்துப் படம் எடுப்பார்கள்.
மாத்திரை நிற்கவில்லை.

நேற்று நாகலிங்கத்துக்குப் போன் போட்டேன்.
முழுசாய் அடித்து நின்றது.
இன்றைக்கும் போடுவேன்.
மச்சான், அது கோபமில்லை என்பதை
எந்த வார்த்தையில் தொடங்குவது என்று
யோசித்துக்கொண்டிருக்கையில்
சண்முகவடிவு ஸ்டூல் போட்டு ஏறி
டப்பாவை இறக்கினாள்.
மூடி துருவேறிப் பிடித்திருந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
முந்தானையால் துடைத்து
என்னிடம் நீட்டினாள்,
திறக்க.