மேற்படி

சேரன்மகாதேவி பத்திர ஆபீசுக்கு எதிர்வரிசையில்
மூன்றாவது கடை என்னுடையது.
பழைய கம்ப்யூட்டரில் அது ஒரு மூச்சு வேலை:
ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு
வலப்பக்கத்து எண்களில் மூன்று, பூஜ்யம், ஆறு, நாலு.
விரலை எடுத்தால் வந்து உட்காரும் ௸

லேப்டாப்பில் அந்த எண்கட்டே கிடையாது.
பூஜ்யம், பி, எஃப், எட்டு என்று அடித்து
ஆல்ட்டோடு எக்ஸ்.
வேர்டில் மட்டும் மசியும், வேறெங்கும் மசியாது.
போனில் எந்த எழுத்தை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் வராது.
எனக்கு நானே வாட்ஸப்பில் ஒன்று அனுப்பி வைத்திருக்கிறேன்,
வேண்டும்போது எடுத்து ஒட்ட.

பத்தமடை முப்புடாதியின் விடுதலைப் பத்திரம்.
கன்னடியன் கால் பாசனம், நாற்பத்திரண்டு சென்ட் நஞ்சை,
தம்பி அணைந்தபெருமாளுக்கு.
முதல் வரியில் பெயர் ஒரு தடவை.
பிறகு ௸யார் பாகம், ௸யார் சம்மதம், ௸யார் வாரிசுகள்.
கை தானாகப் போடும்.

வரைவை அவள் போனுக்கு அனுப்பினேன்.
மறுநாள் பீடிக்கட்டைக் கம்பெனியில் எண்ணிக் கொடுத்துவிட்டு
நேரே வந்து திரையை நீட்டினாள்.
அந்தப் போனுக்குக் குறி தெரியவில்லை.
இருந்த இடமெல்லாம் காலிக் கட்டம்.

“இந்தப் பொட்டிக்குள்ள யாரு இருக்கா?”
“நீங்கதான்க்கா.”
தள்ளித் தள்ளி எண்ணினாள்.
பதினேழு.

போன் பழசு, பேப்பரில் சரியாக விழும் என்று
பிரிண்ட் போட்டுக் காட்டினேன்.
௸ஐ ரொம்ப நேரம் பார்த்தாள்.
“இதுக்கு அந்தக் கட்டமே தேவல.
காலியா இருக்குன்னாவது தெரியுது.
எம்பேர எழுதிப் போடு, எல்லா எடத்துலயும்.”

பக்கம் கூடும், நாற்பது ரூபாய் ஆகும் என்றேன்.
பீடிக் காசில் நாலு பத்து எடுத்து வைத்தாள்.
வாசலில் தம்பி பைக்கை அணைக்காமல்
ஒரு காலை ஊன்றி நின்றான்.

ஒரே தட்டில் மாற்றிவிடலாம். மாற்றினேன்.
பதினேழு மாற்றங்கள் முடிந்தன என்றது கம்ப்யூட்டர்.
குறியை ஒட்டியிருந்த ‘யார்’ அப்படியே தங்கி
முப்புடாதியார் ஆகிவிட்டாள்.
அழிக்கப் போனேன்.
“அது இருக்கட்டும்.”

“இப்ப வாசி.”
வாசித்தேன். அவள் விரல் மடக்கி வந்தாள்.
பதினொன்றாவதில்,
முப்புடாதியார் எவ்விதத் தூண்டுதலுமின்றி
முழு மனதுடன்
என்று வந்த இடத்தில்
மடக்கிய விரல் நின்றது.

“இத நான் எப்பச் சொன்னேன்?”

வெளியே பைக் சத்தம்
அணைந்தது.