நெடுக்கு வரிகள்

அந்தக் காலத்தில்
கடிதம் வாங்குகிறவர்தான் காசு தர வேண்டும்.
ஒஹையோவிலிருந்து ஒரு தாளுக்கு
இருபத்தைந்து சென்ட்.
"ஒரு மூட்டை ஓட்ஸ் போச்சு" என்பார் அப்பா,
ஒவ்வொரு முறையும், தபால்காரர் காதுபட.

அதனால் அக்கா கெசையா
ஒரே தாளை இருமுறை உழுதாள்.
குறுக்கே எழுதி முடித்து, தாளைத் திருப்பி,
அதன் மேலேயே நெடுக்கே,
ஊடும் பாவுமாக.

குறுக்கில் பள்ளிக்கூடம்:
பதினொரு பெண்கள், புகையும் அடுப்பு.
டர்னிப் கிழங்கைக் கூம்பாய்ச் சீவி
வடிவகணிதம் சொன்னது,
மதியம் அதையே சூப் வைத்தது.

நெடுக்கில்:
இம்மாதமும் சம்பளம் சோளம்தான்.
குளிர்காய்ச்சல். திர்சா போய்விட்டாள், ஒன்பது வயது.
சிலேட்டில் அவள் பாதிக் கணக்கு
அப்படியே இருக்கிறது, எல்நேதன்.
வீட்டுக்கு வந்துவிடட்டுமா,
அம்மாவிடம் மட்டும் கேள்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது.
வாசிக்கிறவன் நான்.
சூப் வரை வாசித்து
"அவ்வளவுதான்" என்றேன்.
அம்மா சிரித்துக்கொண்டே மாவைப் பிசைந்தாள்.
ஜன்னலோரக் கட்டில் அக்காவுடையது;
அந்தக் குளிர்காலம்தான் எனக்குக் கிடைத்திருந்தது.
பன்னிரண்டு வயது எனக்கு.

நாற்பத்தொரு வருடம் அங்கேயே இருந்தாள்.
கட்டடத்துக்கு அவள் பெயராம்.

இன்று இருவர் வந்தார்கள்,
நினைவு மலருக்குக் கடிதம் கேட்டு.
"மேலே ஏதோ கிறுக்கியிருக்கிறதே"
என்றார் இளையவர், கண்ணாடியைத் துடைத்தபடி.
கால் வட்டம் திருப்பினால் போதும்.
தாளின் மூலையில் என் விரல் இருந்தது.

டர்னிப் பகுதி
மலருக்கு நன்றாக இருக்கும், என்றேன்.