எடைமேடைச் சீட்டின் பின்பக்கம்

லீக் முடிந்து பதினெட்டு நாள்.
பதினாலு ஆட்டத்தில் பதினொன்று தோல்வி, இரண்டு சமன்.
ஜெயித்தது ஒன்றே ஒன்று,
அதுவும் பவானிக்காரர்கள் வேன் பஞ்சராகி
ஊதியூரிலேயே நின்றுவிட்டதால்.

தாராபுரம் பைபாஸ், ராத்திரி பத்தரை.
தேங்காய் லோடு ஏறி இறங்கும் மேடையில்
சீட்டு அடிப்பது என் வேலை.
வீணான சீட்டின் பின்பக்கம்
அடுத்த வருஷத்து அணியை எழுதிப் பார்க்கிறேன்.

மொத்த எடை, காலி எடை, நிகர எடை.
லாரிக்குச் சரி.
பொங்கியண்ணனுக்கு எப்படிப் போடுவது?
முப்பத்தாறு வயது, நடுக்களம்.
பந்து எங்கே வருமென்று எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடும்,
போய்ச் சேரத்தான் முடிவதில்லை.
அவன் பேரை அடித்தேன்.
பிறகு அடித்ததையும் அடித்தேன்.

கிருத்திக் ஒன்பது கோல் போட்டவன்,
பெனால்டி கார்னர் என்றால் கோல்கம்பமே நடுங்கும்.
ரயில்வேயில் கூப்பிட்டுவிட்டார்கள்.
வேலை கிடைத்தவனைப் பிடித்து வைத்தால்
அவன் அம்மா என் வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றும்.
நல்லா இருடா.

பள்ளிக்கூடப் பையன்களைப் பிரித்தெடுக்கும் நாளில்
கடைசியில் வந்த அணிக்கே முதல் கை.
தோற்றதற்கு நாங்கள் வாங்கிய ஒரே சம்பளம் அது.
இரண்டாம் கையை
பொருளாளர் அத்தப்பன் போன தையிலேயே
ஒரு ஜோடி கோல் வலைக்குக் கொடுத்துவிட்டார்.
வலை நல்ல வலைதான்.
நாற்பத்தேழு முறை சோதித்துப் பார்த்தாயிற்று.

குண்டடம் பக்கம் நார் மில்லில் ஒரு ஒடிசாப் பையன்,
சுஷில் கெர்க்கெட்டா.
சாப்பாட்டு நேரத்தில் தென்னை மட்டையைச் செதுக்கி
தேங்காய்க் குரும்பையை உருட்டிக்கொண்டே
நாலு பேரைத் தாண்டிப் போனான்,
வெறுங்காலில், நார்த் தூசிக்குள்ளே.
என்ன வேணும் என்றேன்.
"ஞாயித்துக்கெழமை ஷிப்ட் மாத்தணும்."
பணம்?
அதைப் பற்றி அவன் பேசவில்லை. முதலாளிதான் பேசினார்,
முக்கால் மணி நேரம்.

நேற்று கரூர்ச் செயலாளர் வந்தார்.
பேக்கரியில் இரண்டு டீ, ஒரு தேங்காய் பன்.
தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார்,
மாட்டுச் சந்தையில் போடுகிற மாதிரி, விளையாட்டுக்கு.
துண்டுக்குள்ளே இரண்டு விரலைப் பிடித்தார்:
பத்தொன்பது வயசுப் பையன்கள் இரண்டு பேர், முன்வரிசை.
மூன்றாவது விரல்: பதினைந்தாயிரம்.
"யாருக்குங்க?"
"மாசிலாமணிக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் கோல்கீப்பர்.
நாற்பத்தேழு வாங்கியவன்.
ஊரில் அவனை 'திறந்த வீடு' என்பார்கள்.

துண்டுக்குள்ளே அவர் கை அசையவில்லை.
"ஏனுங், உள்ள போனத எண்ணுனீங்க.
வந்தத எண்ணுனீங்களா?
நான் எண்ணுனேனுங்க. முந்நூத்திப் பன்னெண்டு."

டீ ஆறிப்போயிற்று.
பதிமூன்று ஆட்டமும் கோட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தேன்.
லோடு எண்ணுகிறவன் நான், தினம் நூறு வண்டி.
இது என் கணக்கில் வரவே இல்லை.

கையை உருவிக்கொண்டேன்.
"அப்ப பையனுங்களும் இல்லீங்க" என்றார்.
"இல்லாட்டிப் போகுதுங்க."
பன்னுக்கு அவரே காசு கொடுத்தார்.

ஆக, கையில் இருப்பது
ஒரு முதல் கை, ஒரு நார் மில் பையன்,
அடித்து அடித்து எழுதிய ஒரு பொங்கியண்ணன்.
அடுத்த வருஷம் எட்டுத் தோல்வி.
அதற்கடுத்த வருஷம் ஐந்து.
செயற்குழுவில் இதைத் திட்டம் என்று படித்தால்
நாற்காலி பறக்கும்.

ஆனிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து எழும்பிவிட்டது.
மேடையில் வண்டி இல்லை,
ஆனாலும் எண்கள் துடிக்கின்றன:
பத்துக் கிலோ, இருபது, சுழி, பத்து.

மாசிலாமணியின் இடது காப்பு
இரண்டு வருஷமாகக் கயிற்றுக் கட்டில்தான் நிற்கிறது.
புதுசு என்ன விலை என்று
நாளைக்குக் கோயமுத்தூருக்குப் போன் போட வேண்டும்.
கடை பத்து மணிக்குத்தான் திறப்பார்கள்.