மறைத்த பகுதி

யீஷூனில் சிவப்புப் பதாகை கட்டிய புளோக்.
நாலாம் மாடி நடைவழியில் கறுப்பு டப்பா,
அடியில் வைக்கோல் ஊறிய தண்ணீர்.
முட்டையிட வந்தவள்
பசைச்சுவரில் ஒட்டிக்கொண்டாள்.
பொடித்து, வடித்து, இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.
வியாழன் இரவு திரையில்
நூறு கோடிக்கு மேல் எழுத்து.

பாதி
அவளுடையதே இல்லை.

எப்போதோ எங்கிருந்தோ வந்த துண்டுகள்.
சில தம்மைப் படியெடுத்து அடுத்த சந்தில் செருகும்.
சில தம்மையே வெட்டிக்கொண்டு கிளம்பும்,
விட்ட இடத்தில் இரண்டு மூன்று எழுத்து
தழும்பாய்க் கிடக்கும்.
பெரும்பாலானவை இப்போது தாவுவதில்லை.
பிழை மலிந்து, வால் அறுந்து,
வந்த வழி மறந்து படுத்துவிட்டன.

ஒன்றின் பெயர் ஃபெய்லாய்.
“பறந்து வந்தது என்று அர்த்தம்” என்றாள் சியூ பிங்,
மீ போக்கில் மிளகாயைக் கிளறியபடி.
“இங்கே எதுதான் பறந்து வரல, லா.”

திரும்பத் திரும்ப வருவதை மறைத்தால்தான்
மீதியைப் படிக்கலாம்.
நிரலிடம் சொன்னேன்: மூடு.
மூடிய இடமெல்லாம் அது ஒரே எழுத்தை இட்டது,
ஆங்கிலத்தின் பதினான்காவது.
ஆளில்லாத ஆய்வகத்தில் வாய்விட்டுப் படித்தேன்.

என் என் என் என் என் என்
என் என் என் என்
என் என்

தனதில்லாத இடத்திலெல்லாம்
இவள் இப்படித்தான் சொல்கிறாள்.

மறைப்பை ஓரிடத்தில் நீக்கிப் பார்த்தேன்.
தாவிகளின் இடிபாட்டுக்குள்
ஒரு பழைய வைரஸின் அரை வாக்கியம்.
எந்த மழைக்காலத்துத் தொற்றோ,
எவளோ பிழைத்து, எழுதி வைத்திருக்கிறாள்.
அது திரும்பி வந்தால் அடையாளம் காணவாம்.
சிலர் ஒப்புவதில்லை.
கல்லூரியில் இதற்கெல்லாம்
குப்பை என்று ஓரத்தில் எழுதியவள் நான்.
பச்சை மையில்.

ஏழு வருடத்தில் ஐந்து வாடகை அறை.
உட்லண்ட்ஸ், செங்காங், பிடோக், மறுபடி உட்லண்ட்ஸ்.
ஒவ்வொரு சுவரிலும்
கழற்ற முடியாத ஒரு கொக்கியை விட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை கதவைத் தட்டினார்
கொசு ஒழிப்பு அதிகாரி, பெயர் அட்டையில் ரிட்சுவான்.
துணிக்கம்பு செருகும் குழாய்க்குள் டார்ச் அடித்தார்,
பூச்சாடித் தட்டைக் கவிழ்த்தார்,
குளியலறை வாளியைக் கால் நுனியால் நகர்த்தினார்.
தண்ணீர் இல்லை.
படிவத்தை நீட்டினார்.
உங்கள் வீடா என்றார்.

நேற்றிரவே கடித்திருக்க வேண்டும்,
கணுக்காலில் தடித்துச் சிவந்திருந்தது.
சொறிந்துகொண்டே வாய் திறந்தேன்.

என்

என்பது வரைக்கும் வந்துவிட்டது.